சம்பந்திக்கு, ஐரிஸின் நிறம் பற்றி

காலையில் குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரித்தேன். கண் எரிந்தது. எரிந்ததும் ஒரு நிம்மதி, இது வெங்காயம்தான் என்று. இப்போதெல்லாம் எந்த வெங்காயத்தையும் மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்த பிறகுதான் தோலில் நகம் வைக்கிறேன். கிட்டத்தட்ட இரண்டு வருடங்களாக இந்தப் பழக்கம். என் மனைவி பார்த்தும் பாராதவள்போல அடுப்பைத் துடைத்துக்கொண்டிருப்பாள். காரணம் அவளுக்குத் தெரியும். உனக்குத்தான் நான் சொல்லவில்லை.

பாதி உரித்திருந்தபோது பவானியின் அழைப்பு வந்தது. உன் மனைவி இப்போது அல்பர்ட்ஸ்லுண்டில் மகள் வீட்டில் இருக்கிறார். மாடி வீடு. பால்கனியில் ஒரு தொட்டி. அதற்குள் இருப்பவை நீ உண்டாக்கிய ஐரிஸ் பூச்செடியின் கிழங்குகள் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

“அண்ணை, இந்த முறை ஒண்டும் பூக்கேல்லை. இலை மட்டும் புல்லு மாதிரி அடர்ந்து நிக்குது. போன வருஷம் என்ன வடிவாப் பூத்தது! அவருக்கு என்னில ஏதும் கோவமோ?”

“குழம்பு அடுப்பில கிடக்கு தங்கச்சி. இறக்கிப்போட்டு எடுக்கிறன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. அவருக்கு என்ன சொல்வது என்று யோசிக்கப்போய், உனக்கே இன்னும் பதில் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னையும் என்னையும் சேர்த்தது இக்காஸ்ட் ஊரின் துணி ஆலை. ஒரே சிப்ட், போக வர ஒரே கார். நான் மெசினில் நூல் கோப்பவன், நீ துணியில் பிழை பார்ப்பவன். உன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய மடக்குக் கண்ணாடி இருக்கும், துணியின் நூலை எண்ணுகிற கண்ணாடி. ஆலையை மூடியபோது நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு பூக்கொத்தோடு வெளியே வந்தோம். நீ அந்தக் கண்ணாடியோடு வந்தாய். “களவெடுத்தியோ?” என்று கேட்டேன். “இல்லையடா, அது என்னை விட்டிட்டு இருக்க மாட்டன் எண்டு அழுதுது” என்றாய்.

நீ வீடு வாங்கிய முதல் மார்ச்சில்தான் இந்தப் பைத்தியம் தொடங்கியது. தெற்குச் சுவரோரம், பனி முழுதாகக் கரையாத மண்ணில், விரல் உயரத்துக்கு நாலைந்து பூக்கள். சாம்பல் கலந்த இளநீலம். கீழிதழில் மஞ்சள் கோடு, கோட்டைச் சுற்றி மை தெறித்ததுபோலப் புள்ளிகள். முன்பு அந்த வீட்டில் இருந்த டேனிஷ் பெண் போட்டுவிட்டுப் போனவை. நீ என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். “உதென்ன, குரோக்கஸ்தானே?” என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஆலையில் ஓட்டை விழுந்த துணியைக்கூட நீ அப்படிப் பார்த்ததில்லை.

“விசரா, இலையை விரலுக்கிடையில உருட்டிப் பார். குரோக்கஸ் இலையெண்டால் நடுவில வெள்ளைக் கோடு ஓடும். இதுக்கு நாலு மூலை கிடக்கு.”

உருட்டினேன். நாலு மூலை இருந்தது. பிறகு நீ ஒரு கிழங்கைக் கிண்டி எடுத்து, மண்ணை ஊதி, கண்ணாடியை அதன்மேல் வைத்து என்னைக் குனியச் சொன்னாய். கிழங்கின்மேல் நார்நாராக ஒரு வலைச்சட்டை. ரெட்டிகுலாட்டா என்று பெயர், வலை போட்ட ஐரிஸ் என்பதுதான் அர்த்தம் என்று எங்கேயோ வாசித்து வைத்திருந்தாய். “பாரடா பின்னலை! எங்கட மெசின் ஒண்டும் இப்பிடிப் பின்னாது.” அன்றிலிருந்து உன் வாயில் வேறு கதை இல்லை. ஏப்ரல் கடைசியில் வருகிற குட்டை ஐரிஸுக்குக் கீழிதழில் தாடி உண்டு, வலைச்சட்டைக்காரிக்குத் தாடி இல்லை, கோடு மட்டும். மஞ்சள் நிறக் குட்டைச்சி முதல் வருடம் பூத்து மயக்கிவிட்டு, மறு வருடம் அரிசிமணி அளவு குஞ்சுகளாக உடைந்து இலையை மட்டும் காட்டுவாள். அவளை நீ ‘ஏமாத்துக்காரி’ என்று திட்டுவாய். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்தவரிடம் நீ இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த மனிதர் பாயாசத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனது எனக்கு இன்னும் சிரிப்பு.

என் தோட்டத்தில் அப்போது கடையில் வாங்கிய கரு ஊதா ஐரிஸ் இருந்தது. ஒரு மார்ச் சனிக்கிழமை, காது துடைக்கிற பஞ்சுக் குச்சியோடு நீ என் தோட்டத்தில் முழங்காலில் நின்றாய். அந்தக் குளிருக்கு ஒரு தேனீயும் வெளியே வரவில்லை. இதழை விலக்கி மகரந்தத்தைப் பஞ்சில் ஒற்றினாய். மற்றக் கையால் காற்றை மறைத்தபடி காரில் ஏறினாய். “மாப்பிள்ளை அழைச்சுக்கொண்டு போறம், மெதுவா ஓட்டு” என்றாய். உன் வீட்டுச் சுவரோரம் இருந்த இளநீலத்தில் அந்தப் பஞ்சை ஒற்றிவிட்டு எழுந்து, முழங்காலில் இருந்த ஈரமண்ணோடு என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். “இனி நீ எனக்கு மச்சானில்லை. சம்பந்தி.” உன் வீட்டுப் பெண், என் வீட்டு மாப்பிள்ளை. அன்றிலிருந்து சாகும்வரை நீ என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

பத்தொன்பது விதைகள் கிடைத்தன. பனி படவேண்டும் என்று சட்டியை வெளியே வைத்தாய். மறு வசந்தத்தில் தையல் நூல் போல ஒற்றை ஒற்றை இலைகள் வந்தன. பிறகு பந்தயம். பிறந்த பிள்ளை யார் சாயல் என்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் தொட்டிலடியில் அடிபடுவார்களே, அப்படி அடிபட்டோம். இளநீலம்தான் வரும் என்று நீ, கரு ஊதாதான் வரும் என்று நான். தோற்றவன் இரண்டு மனைவிமாரும் கேட்க, “எனக்குப் பூவைப் பற்றி ஒண்டும் தெரியாது” என்று சத்தமாகச் சொல்லவேண்டும். பவானி சாட்சி.

ஆனால் அவை பூப்பதாக இல்லை. விதையிலிருந்து வந்தால் நாலைந்து வருடம் செல்லும் என்றாய். ஒவ்வொரு மார்ச்சிலும் நான் வந்து, இலையை மட்டும் பார்த்துவிட்டு, கேலி பண்ணிவிட்டுப் போவேன். ஒவ்வொரு மார்ச்சிலும் நீ ஒரே வசனத்தைச் சொல்வாய். “வாற வருஷம் கட்டாயம் பூக்கும், இருந்து பார்.” கோடை மழையில் கிழங்கு அழுகிவிடும் என்று ஜூனில் சுவரோரத்து இளநீலத்தை மட்டும் விட்டு, மற்ற எல்லாவற்றையும் கிண்டி எடுத்துக் கராஜில் காயவைப்பாய். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயம் செய்த வீட்டுப் பிள்ளை நீ. உனக்கு வேறு முறை தெரியாது. காய்ந்த இலைகளைச் சேர்த்து முறுக்கி, பிடி பிடியாக முடிந்து, கூரை வளையில் கொழுவி விடுவாய். வெங்காயப் பிடி தொங்குவதுபோலவே தொங்கும். பார்க்க வந்த டேனிஷ்காரர் ஒருவர் அது என்ன உணவு என்று கேட்டாராம்.

ஐந்தாவது வருடம் கிழங்குகள் பருத்தன. நீ மெலிந்தாய். அந்த ஜூனில் உன்னால் குனிய முடியவில்லை. பவானி கதிரையைப் புல்லில் போட்டு, கம்பளியால் உன் காலை மூடிவிட்டுப் போனார். நீ இருந்து உத்தரவு போட, நான் கிண்டினேன். நான்தான் பிடிகளை முடிந்தேன். “அப்பிடியில்லை சம்பந்தி, வெங்காயம் கட்டுற மாதிரி இறுக்கிக் கட்டு” என்று இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டவைத்தாய். மூன்று பிடிகள். விதையில் வந்தவை எது என்று தெரிய, ஆலையில் மிஞ்சிய நீல நூலை ஒன்றில் சுற்றச் சொன்னாய். அந்தப் பிடியை மடியில் வாங்கிக் கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தாய்.

“வாற வருஷம் கட்டாயம்” என்றாய். இந்த முறை எனக்குக் கேலி வரவில்லை. நீ அதைக் கவனித்துவிட்டாய். “நான் நிக்கமாட்டன். பூத்தால் என்ன நிறம் எண்டு எனக்குச் சொல்லு. பொய் சொல்லாத. வெல்லுறதுக்காக நீ பொய் சொல்லுவாய், எனக்குத் தெரியும்.”

“சொல்லுறன்” என்றேன். நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். இத்தனை வருடத்தில் வேறு எதையும் நீ கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த மாதக் கடைசியில் நீ போய்விட்டாய்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. உன் சாம்பலைக் கடலில் கரைக்க உன் மகனும் நானும் மேற்குக் கரைக்குப் போனோம். உன் வீட்டில் எல்லோரும் கூடிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கடற்கரையில் ஜூலை என்றும் பாராமல் காற்று முகத்தில் அறைந்தது. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து நிற்கவேண்டும் என்று உன் மகன் டேனிஷில் சொல்லிக்கொண்டிருந்தான். பாத்திரத்தை நானும் ஒரு பக்கம் பிடித்திருந்தேன். அப்போது என் பையில் போன் அடித்தது. என் மனைவி.

“இஞ்ச பாருங்கோ, சின்ன வெங்காயம் போதாமல் போச்சுது. இவையின்ர கராஜுக்க பிடி பிடியா வெங்காயம் கட்டித் தொங்குது. எடுக்கட்டோ?”

“ஓம் ஓம், எடுங்கோ” என்றேன்.

அவ்வளவுதான். அவள் வெங்காயம் என்றாள், எனக்கும் வெங்காயம் என்றே மனதில் வந்தது. கையில் நீ இருந்தாய். உன்னைத் தவிர வேறு எதுவும் அப்போது என் தலைக்குள் இல்லை. நானே முடிந்து, நானே கொழுவிய பிடிகள். நான் மறந்துபோனேன். திரும்பி வரும்போது, ஹெர்னிங் நகர் தாண்டி, உன் மகன் ஏதோ கேட்கத் தொடங்கியபோது சட்டென்று நினைவு வந்தது. போன் எடுத்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. எல்லோருடைய கையிலும் வேலை.

வந்து குசினிக்குள் ஓடினேன். என் மனைவி குழம்பில் கரண்டி போட்டுக்கொண்டிருந்தாள். “அது பழுதாப்போன வெங்காயமப்பா. காஞ்சு வெளிறிப்போன சாமான் எண்டு நினைச்சன். எல்லாம் உரிச்சு முடிச்சாப் பிறகுதான் பாத்தன், மணமும் இல்லை, கண்ணும் எரியேல்லை. எறிஞ்சுபோட்டு வேற வாங்குவிச்சம்.” என் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. “நீங்கள்தானே எடுக்கச் சொன்னியள்?”

ஓம். நான்தான் சொன்னேன்.

உன் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்குச் சனம் வந்துகொண்டிருக்க, நான் வெளியே குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். வலைச்சட்டைகள் தனியாகக் கிடந்தன. நீல நூல் அவிழாமல் அப்படியே கிடந்தது. நம் பெண்கள் வெங்காயம் உரிக்கிற முறை உனக்குத் தெரியும். தலையையும் வேரடியையும் வெட்டிவிட்டுத்தான் தோலை எடுப்பார்கள். வேரடி போன கிழங்கு வேர்விடாது. வெள்ளை வெளேரென்று, பூண்டுப் பல்லுப்போல, ஒன்றும் மிச்சமில்லாமல் உரித்திருந்தார்கள். வெட்டு ஆழமாக விழாத ஐந்தைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய், கை கழுவி, பந்தியில் உட்கார்ந்தேன். உனக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு. சாப்பிட்டேன்.

அந்த ஐந்தையும் என் தோட்டத்தில் மணல் போட்டு நட்டேன். நாலு அழுகின. பெப்ரவரியில் ஒன்றிலிருந்து ஒரு இலை வந்தது. மண்டியிட்டு உருட்டிப் பார்த்தேன், நாலு மூலை. அன்று நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. ஏப்ரலில் அது மஞ்சளாகிச் சாய்ந்தது. கிண்டிப் பார்த்தால் கிழங்கு இருந்த இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது.

இதற்கிடையில் பவானி. அந்த இலையுதிர் காலத்திலேயே கேட்டார், “அண்ணை, அவர் கராஜுக்க காயப்போட்டது எல்லாம் நட்டாச்சோ? நீங்கள்தானே பாக்கிறதெண்டு சொன்னவர்.” அன்று வெங்காயம் என்று எறிந்தது உன்னுடையது என்பது அவருக்குத் தெரியாது. அவர் அப்போது முன்னறையில் சனத்தோடு இருந்தார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வீட்டுக்குள் உன் சட்டைகள் இன்னும் கதிரையில் தொங்கிக்கொண்டிருந்தன. “நடுவம்” என்றேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சொன்னாள், “கடையில வாங்கி நட்டுவிடுங்கோவன். பாவம், அவவுக்கு என்ன தெரியப்போகுது?”

கடையில் இரண்டு வகைக் கிழங்குப் பொதிகள் இருந்தன. ஒன்றின் படத்தில் இளநீலம், மற்றதில் கரு ஊதா. நெடுநேரம் நின்றேன். இளநீலம் உன் சுவரோரப் பூவைப் போலவே இருக்கும், பவானி கண்டுபிடித்துவிடுவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை சம்பந்தி. கை தானாகவே என் நிறத்துக்குத்தான் போனது. நீ சொன்னது சரி. செத்தவனோடு போட்ட பந்தயத்திலும் வெல்லப் பார்க்கிற ஆள்தான் நான்.

உன் தோட்டத்தில் நட்டவை மார்ச்சில் பூத்தன. அத்தனையும் கரு ஊதா, ஒரு அச்சில் வார்த்ததுபோல ஒரே நிறம், ஒரே உயரம். விதையில் வந்த பிள்ளைகள் ஒன்றுபோல் இன்னொன்று இராது என்று நீயே எத்தனை தரம் சொல்லியிருப்பாய். நீ பார்த்திருந்தால் வாசலில் நின்றே “கடைச் சாமான்” என்று சொல்லியிருப்பாய். பவானி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பூவைப் படம் எடுத்து, சட்டம் போட்டு, மாலை போட்ட உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்து விளக்கேற்றியிருந்தார். “அண்ணை, உங்கட பக்கம்தான் வந்திருக்கு. அவர் தோத்திட்டார்” என்று சிரித்தார். சிரித்தபடியே அழுதார். பிறகு உன் படத்தைப் பார்த்து, “சொல்லுங்கோவன், எனக்குப் பூவைப் பற்றி ஒண்டும் தெரியாதெண்டு” என்றார். நான் அங்கே நின்றேன். அந்த நேரம் பார்த்து, உன் கண்ணாடியை என் கையில் வைத்து, “இது உங்களிட்ட இருக்கட்டும்” என்றார்.

திரும்ப ஒரு முறை முயலலாமே என்று நீ கேட்பாய். கேட்காதே. அந்தக் கோடையில் வீடு விற்றுப்போனது. சுவரோரத்து இளநீலம் அப்போது மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது, மேலே ஒரு அடையாளமும் இல்லை. செப்டம்பரில் கேட்டு எடுக்கலாம் என்று இருந்தேன். போனபோது புது ஆட்கள் மெசின் பிடித்து மண்ணை வாரி, சுவர்வரை கல் பதித்துவிட்டார்கள். வாசலில் நின்ற பெண் நல்லவள், என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். என்னுடைய கரு ஊதாவுக்கும் நோய் வந்தது. வலைச்சட்டையில் மை கொட்டினதுபோலக் கறுப்புக் கறைகள். எல்லாவற்றையும் கிண்டி எறிந்தேன். பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை.

பவானி போகும்போது அந்தக் கடைக் கிழங்குகளைத் தொட்டியில் எடுத்துக்கொண்டு போனார். அவை இந்த வருடம் ஏன் பூக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தொட்டிக்குள் குஞ்சு குஞ்சாக உடைந்திருக்கும். அந்த மஞ்சள் ஏமாற்றுக்காரிக்கு நடந்ததேதான். மாடிப் பால்கனியில் அவை இனிப் பருத்துப் பூப்பது நடக்காத காரியம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போன் எடுத்தேன். இன்றைக்காவது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் எடுத்தேன். அவர் முதல் மணியிலேயே எடுத்தார். தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கவேண்டும், காற்றுச் சத்தம் கேட்டது.

“சொல்லுங்கோ அண்ணை. இலையைப் பிடிச்சு உருட்டிப் பாத்தனான். அவர் சொல்லுற மாதிரி நாலு மூலை கிடக்கு. அப்ப உயிர் இருக்குத்தானே?”

“உயிர் இருக்கு தங்கச்சி” என்றேன். “வாற வருஷம் கட்டாயம் பூக்கும், இருந்து பாருங்கோ.”

என் வாயில் உன் வசனம். அவர் சந்தோசப்பட்டார். அடுத்த மார்ச்சிலும் கேட்பார், அதற்கடுத்த மார்ச்சிலும் கேட்பார். நானும் இதையே சொல்வேன் போலிருக்கிறது. அவரிடம் சொல்லக்கூடிய நாள் ஒன்று இருந்தது, அந்த இலையுதிர் காலத்தில், உன் சட்டைகள் தொங்கிய அறையில். அது போய்விட்டது.

கண்ணாடி என் சட்டைப் பையில் இருக்கிறது. எங்கே மண்ணிலிருந்து மெல்லிய இலை எழும்பி நின்றாலும், தெருவோரமானாலும் அடுத்தவர் வேலியோரமானாலும், குனிந்து விரலுக்கிடையில் உருட்டுகிறேன். சனம் பார்க்கிறது. பெரும்பாலும் குரோக்கஸ்தான்.

பந்தயத்தில் நான் வெல்லவில்லை, நீ தோற்கவும் இல்லை. பவானி சொன்னதை எடுத்துக்கொள்ளாதே. பத்தொன்பது விதைகளிலிருந்து வந்த அந்தப் பூவை நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, இனி ஒருவரும் பார்க்கப்போவதில்லை. பொய் சொல்லாதே என்று கேட்டாய். இது ஒன்றாவது பொய்யில்லாமல் இருக்கட்டும்.

என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது, சம்பந்தி.